பால் மறந்த குட்டிகளும் திறக்காத மருந்துப் புட்டியும்

கே.கே. நகரில் நான் குடியிருக்கும் தெருவுக்குப் பின்னால், வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம், பன்றி வளர்க்கிற அக்கா ஒருத்தர் இருக்கிறார். போன மாதம் அவருடைய ஏழு குட்டிகளில் ஐந்து செத்துப்போயின. பால்குடி மறந்து இரண்டே வாரம். "காச்சலு, கழிச்சலு. பின்னங்காலு பின்னிப் பின்னி நடந்துச்சு தம்பி. மூணாம் நாளு போச்சு" என்றார். பன்றிக்காய்ச்சலின் அடையாளங்கள் இவை. எந்தச் சோதனையும் நடக்கவில்லை, ஆகவே அறுதியிட்டு எழுத முடியாது. அதற்கு முன்பே அவர் ஒரு கால்நடை மருந்தகத்துக்குப் போய்க் கேட்டிருக்கிறார். "பன்னிக்கெல்லாம் ஊசி இல்லம்மா" என்று அனுப்பிவிட்டார்கள்.

ஊசி உண்டு. நம் இராணிப்பேட்டைக் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமே பல காலமாகத் தயாரிக்கிறது. முயலைக் கொன்று அதன் மண்ணீரலிலிருந்து எடுக்கும் மருந்து அது. ஒரு முயலுக்குச் சுமார் 50 டோஸ்தான் தேறும். 2020-இல் அரசே சொன்ன கணக்கு: நாட்டுக்கு ஆண்டுக்குத் தேவை 2.2 கோடி டோஸ், கிடைப்பது 12 லட்சம். அதே ஆண்டு இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் முயலைக் கொல்லாமல் செல் வளர்ப்பில் செய்த மருந்தை வெளியிட்டது. டோஸ் இரண்டு ரூபாய்க்கும் குறைவு என்றார்கள். இரண்டு ரூபாய், தோழர்களே. அதுதான் கண்மாய்க் கரைக்கு வந்து சேரவில்லை.

குட்டிக்குக் கண்டம் எட்டாவது வாரத்தை ஒட்டி வருகிறது. பாலும் நிற்கிறது, சீம்பாலில் தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தியும் தேய்கிறது. முந்திப் போட்டால் அந்தச் சக்தியே ஊசி மருந்தை முறித்துவிடும்; பிந்தினால் நோய் முந்திக்கொள்ளும். அதனால்தான் இரண்டாம் மாதக் கணக்கு. கூடவே குடற்புழு மருந்து, தாது உப்பு, தவிட்டோடு புண்ணாக்கு. எல்லாம் குட்டி இரண்டு வாரமாக இருக்கும்போதே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னப் பழக்க வேண்டும். ஹோட்டல் மிச்சத்தை நன்றாகக் கொதிக்க வைக்காமல் போடவே கூடாது. 2020-இல் அசாமில் நுழைந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலும் பச்சைக் கறி மிச்சத்தின் வழியே பரவக்கூடியது. அதற்கு இங்கே தடுப்பூசியே கிடையாது.

இரும்புச் சத்தின் கதை இன்னொன்று. தாய்ப்பாலில் குட்டிக்கு நாளைக்கு 1 மில்லிகிராம் கிடைக்கும், தேவையோ 7. மண்ணைக் கிளறித் திரிகிற குட்டி மண்ணிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். "தெருவில் விடாதே, அடைத்து வை" என்கிற நகரம், சிமெண்டுத் தரையில் அடைத்த குட்டிக்கு மூன்றாம் நாள் இரும்பு ஊசி போடவும் ஆள் அனுப்ப வேண்டுமல்லவா? பிடிக்கிற வண்டி மட்டும் கரெக்டாக வருகிறது.

மாட்டுக்கு முகாம், ஆட்டுக்கு முகாம். 2011-இலிருந்து விலையில்லாக் கறவை மாடும் ஆடும் கொடுத்தார்கள், நல்லதுதான். பன்றியை யாரும் நினைக்கவில்லை. தேசியக் கால்நடை இயக்கம் 2021-க்குப் பிறகு பன்றிப் பண்ணைக்கு 30 லட்சம் வரை மானியம் தருகிறது, 100 பெண் பன்றியும் கிடாக்களும் வைப்பவருக்கு! இடமும் பாங்க் கடனும் உள்ளவர் யார், நமக்குத் தெரியாதா? பன்றி பணம் தரும்போது அதற்குச் சாதி இல்லை. கண்மாய்க் கரையில் நிற்கும்போதுதான் அது அசிங்கம், நோய். 2009-இல் மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றிய சளிக்காய்ச்சலுக்கும் பத்திரிகைகள் பன்றியின் பெயரைத்தானே வைத்தன!

நம் தோழர்களில் சிலர், "இந்தத் தொழிலையே விட்டொழிக்க வேண்டும், நீ ஊசி கேட்கிறாயே" என்று என்னைக் கோபித்தார்கள். செத்த மாட்டை எடுக்காதே என்று அண்ணல் சொன்னதை நினைத்துச் சொல்கிறார்கள். அது சாதி சுமத்திய ஊழியம். இது அந்த அக்கா சொந்தக் காசில் வாங்கி, மகளின் காலேஜ் பீஸுக்காக வளர்ப்பது. விடுவதா வைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதுவரை குட்டி ஏன் சாக வேண்டும்?

ஒரு புட்டி மருந்தில் பல டோஸ் இருக்கும். கலக்கினால் நெடுநேரம் தாங்காது. ஐந்து குட்டிக்காக உடைக்க மாட்டேன் என்பது மருத்துவர் பக்கத்து நியாயம். சரி, நாங்கள் சேர்த்துத் தருகிறோம். பதினோரு வீட்டுக் குட்டிகளைப் பிறந்த தேதியோடு எழுதி வைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாளில் கொடுக்கிறோம். மிச்சமிருக்கும் அந்த இரண்டு குட்டியும் பட்டியலில் உண்டு. மாணவத் தோழர்கள் காலை பத்து மணிக்கு வந்துவிடுங்கள்.