திறந்த பல்கலைக்கழகமும் மூடிய வேலைவாசலும்

'வாழ்நாள் கற்றல்' என்ற சொல் இப்போது எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் ஒலிக்கிறது. காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் அந்தப் பெயரிலேயே ஒரு துறை இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசியக் கல்விக் கொள்கை 2020, வயதுவந்தோர் கல்வியையும் வாழ்நாள் கற்றலையும் சேர்த்து ஒரு தனி அத்தியாயமே எழுதியிருக்கிறது. படிப்பு என்பது இளமையோடு முடிந்துபோவதில்லை, எந்த வயதிலும் ஒருவர் கற்கலாம், பல்கலைக்கழகம் அதற்குத் துணை நிற்க வேண்டும் என்பதே இதன் சாரம். 1972-இல் எட்கர் ஃபோர் தலைமையிலான குழு யுனெஸ்கோவுக்கு அளித்த அறிக்கைதான் இந்தக் கருத்தை உலகெங்கும் பரப்பியது.

நல்ல கருத்து. நமக்கு இதில் மறுப்பு எதுவும் இல்லை. ஆனால் கற்கவே கூடாது என்று பல நூற்றாண்டுகள் தடுத்து வைக்கப்பட்ட மக்களிடம் இந்தச் சொல்லைச் சொல்லும்போது ஒரு கேள்வி எழுகிறது. சாதியும் வறுமையும் பள்ளியிலிருந்து துரத்தியவர், நாற்பது வயதில் மீண்டும் படிக்க வந்தால் இந்த அமைப்பு அவரை எப்படி நடத்துகிறது?

இந்தக் கேள்விக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வாழ்நாள் கற்றலை யுனெஸ்கோ சொல்லித்தான் நாம் தெரிந்துகொண்டோம் என்பதில்லை. ஜோதிராவ் புலேவும் சாவித்ரிபாயும் உழவர்களுக்கும் கூலித் தொழிலாளர்களுக்கும் 1855-லேயே இரவுப் பள்ளி நடத்தினார்கள். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். கோலார் தங்கவயல் தொழிலாளர் வரை அதற்கு வாசகர்கள் இருந்தார்கள். அவர்கள் கேள்வி எழுதி அனுப்ப, பண்டிதர் வரலாறும் மருத்துவமும் பௌத்தமும் விளக்கி விடை எழுதினார். வாசலில் சாதி கேட்காத ஒரு பல்கலைக்கழகம் ஒரு பைசா விலையில் நடந்தது. எந்தப் பல்கலைக்கழகப் பட்டமும் பெறாத அந்தச் சித்த மருத்துவரின் பெயரைத்தான் தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனை இன்று தாங்கி நிற்கிறது.

புரட்சியாளர் அம்பேத்கர் 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, அடுத்த ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் திறந்தார். அங்கே காலை வேளையில் வகுப்புகள் நடந்தன. பகலில் வேலைக்குப் போனால்தான் வீட்டில் அடுப்பெரியும் என்ற நிலையில் இருந்தவர்களும் பட்டம் படிக்க வேண்டும் என்பதே காரணம். மாணவரின் வாழ்க்கைக்கு ஏற்பக் கல்லூரி தன் கடிகாரத்தை மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் சுயமரியாதை இயக்கத்தார் ஊர்தோறும் வைத்த படிப்பகங்களும் இதே வேலையைத்தான் செய்தன. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்ட அங்கே ஆள் இருந்தது.

இப்போது பம்மலுக்கு வருவோம். இந்த ஊர்ப் பெயரைக் கேட்டதும் நாடகத்துறை முன்னோடி பம்மல் சம்பந்த முதலியார்தான் பலருக்கு நினைவுக்கு வருவார். ஆனால் பம்மலையும் நாகல்கேணியையும் பல்லாவரத்தையும் தொழில் ஊர்களாக்கியவை தோல் பதனிடும் டேனரிகள். பக்கத்து ஊரான குரோம்பேட்டையின் பெயரே குரோம் லெதர் கம்பெனியிலிருந்து வந்ததுதான். பம்மல் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. டேனரிகளில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் நீக்கி, சதை சீவி, பதனிட்ட கைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட மக்களின் கைகள். தோல் எத்தனை நாள் ஊறினால் பதம் வரும், ஆவாரம்பட்டைச் சாறும் கடுக்காயும் என்ன செய்யும், குரோம் ஏறியதா இல்லையா என்று வெட்டுமுனையைப் பார்த்தே எப்படிச் சொல்வது, இவையெல்லாம் அந்தக் கைகளுக்குத் தெரியும். இது வேதியியல். வகுப்பறையில் சொன்னால் அறிவியல் என்றும், தொட்டியில் நின்று செய்தால் இழிதொழில் என்றும் சாதி இதைப் பிரித்து வைத்திருக்கிறது.

அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தொடங்கப்பட்டது. அதன் அருகிலேயே அண்ணா பல்கலைக்கழகத்தில் தோல் தொழில்நுட்பம் பட்டப்படிப்பாக இருக்கிறது. பம்மலிலிருந்து அடையாறு கூப்பிடு தூரம்தான். ஆனால் முப்பது ஆண்டு தொட்டியில் நின்றவரின் அனுபவத்தை அந்தப் படிப்புக்குள் நுழைய ஒரு தகுதியாக ஏற்கும் வழி இல்லை. இந்தப் பகுதியின் நிலத்தடி நீரில் கலந்த குரோமியம் பற்றி எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. மாதிரி எடுத்தது நம் கிணற்றிலிருந்து, கட்டுரை அச்சானது ஆங்கில ஆய்விதழில். அந்தத் தண்ணீரைக் குடித்தவர் படித்துப் புரிந்துகொள்ளத் தமிழில் ஒரு பக்கமாவது எழுதித் தர வேண்டும் என்ற கடமை எந்தப் பல்கலைக்கழக விதியிலும் இல்லை. சமூகத்திலிருந்து எடுத்துக்கொண்டு சமூகத்துக்குத் திருப்பித் தராத அறிவு இது.

சரி, பட்டம் பெறும் வழி எப்படி இருக்கிறது? தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-இல் தனிச் சட்டத்தின் மூலம் உருவானது. முறையான கல்லூரிக்குப் போக முடியாதவருக்கு உயர்கல்வி என்பது அதன் நோக்கம். பள்ளிச் சான்று இல்லாத வயதுவந்தோரும் நுழைவுத் தேர்வு எழுதித் தேறினால் தொலைநிலையில் பட்டப்படிப்பில் சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 1985-இலேயே விதி வகுத்திருந்தது. அந்த விதியை நம்பிப் பலர் சேர்ந்தார்கள், தேர்வு எழுதினார்கள், பட்டமும் வாங்கினார்கள்.

2009-இல் கதவு சாத்தப்பட்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தொடர்பான வழக்கில், இளங்கலை படிக்காமல் திறந்தநிலையில் நேரடியாகப் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு ஒரு அரசாணை வெளியிட்டது. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் தேறிய பிறகு பெற்ற பட்டம் மட்டுமே அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் ஏற்கப்படும் என்றது அது.

எட்டாம் வகுப்போடு டேனரிக்கு அனுப்பப்பட்ட ஒருவரை எண்ணிப் பாருங்கள். முப்பத்தைந்து வயதில் நுழைவுத் தேர்வு எழுதி, ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய், மூன்று ஆண்டு படித்து வரலாற்றில் இளங்கலை முடிக்கிறார். பட்டம் கொடுத்தது அரசு நிறுவிய பல்கலைக்கழகம். அந்தப் பட்டம் செல்லாது என்று சொல்வதும் அதே அரசு. சிறுவயதில் பள்ளியை விட நேர்ந்ததற்கு அவர் ஏற்கெனவே ஒருமுறை தண்டனை அனுபவித்துவிட்டார். இது இரண்டாவது தண்டனை.

தரம் கெட்டுவிடும் என்பார்கள். பட்டம் விற்கும் கடைகள் இருந்தன என்பதும், அவற்றை மூட வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் அடிப்படைப் பட்டமே இல்லாமல் முதுகலை வாங்குவது வேறு, பள்ளிச் சான்று இல்லாமல் நுழைவுத் தேர்வில் தேறி முழு இளங்கலையையும் படித்து முடிப்பது வேறு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தது அநீதி. நுழைவுத் தேர்வு எளிதாக இருந்தால் அதைக் கடினமாக்கலாம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் தொடங்கியபோதே முன்தகுதி கேட்காமல்தான் மாணவரைச் சேர்த்தது. அதன் பட்டத்தை யாரும் போலி என்பதில்லை. 'தரம்' என்ற சொல் இங்கே எப்போதும் யாரைப் பார்த்து நீட்டப்படுகிறது என்பது இடஒதுக்கீட்டுக்காகப் போராடியவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

இந்த இழப்பு யார் தலையில் விழுகிறது? 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, பட்டியல் சாதி மக்களிடையே 73.26 விழுக்காடு. பள்ளியைப் பாதியில் விட்டவர்களின் வரிசையில் முன்னால் நிற்பது யார் என்பதை இந்த இடைவெளியே சொல்லும்.

ஒன்றிய அரசின் கொள்கையோ எதிர்த்திசையில் ஒரு வாசல் வைக்கிறது. ஓராண்டில் வெளியேறினால் சான்றிதழ், ஈராண்டில் பட்டயம், மூன்றாண்டில் பட்டம். நினைத்தபோது வெளியே போய், நினைத்தபோது திரும்பி வரலாமாம். தந்தை மருத்துவமனையில் கிடக்கும்போதோ, கட்டணம் கட்ட வழியில்லாதபோதோ வெளியேறும் மாணவரின் கையில் ஒரு சான்றிதழைத் திணித்து அதை 'நெகிழ்வு' என்று சொல்கிறார்கள். முதலில் வெளியேறப் போவது முதல் தலைமுறைப் பிள்ளைகள். அவர்கள் திரும்பி வர உதவித்தொகை எங்கே, விடுதி எங்கே என்பதற்குப் பதில் இல்லை.

மாநிலத்திலும் குறை உண்டு. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் வரவேற்க வேண்டியது. ஆனால் தொலைநிலையில் படிப்பவர்களுக்கு அது கிடையாது. வேலைக்குப் போகிறவருக்காக வந்த மாலைநேரக் கல்லூரி இன்று பல உதவிபெறும் கல்லூரிகளில் சுயநிதிப் பிரிவாகிவிட்டது. ஜி.எஸ்.டி. சாலை நெடுகிலும் நிற்கும் தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலோ இடஒதுக்கீடே கட்டாயமில்லை. அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு அதற்கு இடம் கொடுத்தும், தனியார் நிறுவனங்களுக்கான சட்டத்தை நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்ந்து முறையாக இளங்கலை முடித்தவர்களின் பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்கும்படி 2009 அரசாணையைத் திருத்த வேண்டும். தாம்பரம், பல்லாவரம், பம்மல் பகுதிகளில் மாலையில் பூட்டிக் கிடக்கும் அரசுப் பள்ளிக் கட்டடங்களில், அரசுக் கல்லூரிக் கட்டணத்திலும் இடஒதுக்கீட்டோடும் மாலை வகுப்புகள் தொடங்க வேண்டும். தொழிலாளரின் அனுபவ அறிவை மதிப்பெண்ணாக ஏற்கும் முறையைப் பல்கலைக்கழகங்கள் உருவாக்க வேண்டும். 2023-இல் வெளியான தேசிய கிரெடிட் சட்டகம் இதற்கு இடம் தருகிறது, ஆகவே விதி இல்லை என்று தட்டிக்கழிக்க முடியாது. ஒரு பகுதியின் மண்ணையும் நீரையும் உடலையும் ஆராய்ந்தவர்கள், முடிவை அந்த மக்களிடம் தமிழில் வந்து சொல்வதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அம்பேத்கரிய, பெரியாரிய அமைப்புகளுக்கும் இதில் வேலை இருக்கிறது. இந்த அரசாணையால் பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியே நீதிமன்றப் படியேறிக் களைத்துப்போகிறார்கள். அவர்களை ஊர்வாரியாகக் கணக்கெடுத்து ஒன்றுசேர்ப்பது நம் கடமை. பம்மலிலிருந்தே அதைத் தொடங்கலாம்.