220 டிகிரி என்று சொன்னது யார்?

கணபதி லீவுக்கு ஜூனியர் ஹாஸ்டலில் இருந்து புனே வந்திருந்தான். துவைக்கப் போட்ட ஜீன்ஸ் பையில் இருந்து தங்கமணி ஒரு சாமானை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிசு, சின்னத் திரை, இரண்டு பட்டன், மாம்பழ வாசனை. நான் பவர் பேங்க் என்றே நினைத்தேன். (பேங்கில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன் புத்தி வேறெங்கே போகும்!)

"சிகரெட் இல்லப்பா, வேப். இதுல டெம்பரேச்சர் கண்ட்ரோல் இருக்கு. 220 வெச்சா ஒரு டிகிரி கூடத் தாண்டாது. எரிஞ்சாத்தானேப்பா விஷம்?"

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த 220 உறுத்தியது. எந்த எண்ணைப் பார்த்தாலும் வவுச்சர் எங்கே என்று கேட்கும் பிழைப்பு நம்முடையது. மூன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். பி.காம். படித்தவனுக்கு எவ்வளவு புரியுமோ அவ்வளவு புரிந்தது. அதுவே போதுமாக இருந்தது.

முதல் விஷயம், அந்தச் சாமானுக்குள் தெர்மாமீட்டரே கிடையாதுங்க! உள்ளே இருப்பது ஒரு கம்பிச் சுருள். சூடானால் கம்பியின் மின்தடை கொஞ்சம் ஏறும். அந்த ஏற்றத்தை அளந்து, "அப்படியானால் இத்தனை டிகிரி இருக்க வேண்டும்" என்று கணக்குப் போட்டுத் திரையில் காட்டுகிறது. அதாவது கேஷை எண்ணவில்லை, லெட்ஜரைப் பார்த்து இருப்பு சொல்கிறது. லெட்ஜரில் ஓப்பனிங் பேலன்ஸ் தப்பாக இருந்தால்?

கணக்கைப் பாருங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியில் ஒரு டிகிரிக்கு மின்தடை ஏறுவது சுமாராக ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 டிகிரியில் அரை ஓம் இருக்கிற கம்பி, 220க்குப் போனால் 0.6 ஓம். மொத்த 200 டிகிரிக்கும் வித்தியாசம் 0.1 ஓம்தான். திருகும் இடத்தில் அழுக்கு சேர்ந்தோ லூசாகியோ 0.01 ஓம் பிசகினால் 20 டிகிரி போச்சு.

இன்னொன்று இதைவிட மோசம். கம்பி ஆறியிருக்கும்போது "இதுதான் ஆரம்பம்" என்று கருவி குறித்துக் கொள்ள வேண்டும். நம் பிள்ளைகளுக்குப் பொறுமை ஏது? இப்போதுதான் இழுத்து முடித்து, கம்பி இன்னும் 60 டிகிரியில் இருக்கும்போது கழற்றி மாட்டினால், கருவி 0.52 ஓமை 20 டிகிரி என்று எழுதிக்கொள்ளும். பிறகு 220 வேண்டுமென்று 0.624 ஓம் வரை ஏற்றும். நிஜத்தில் கம்பி இருப்பது 268 டிகிரியில்! திரையில் சமர்த்தாக 220 என்றே இருக்கும்.

அது கூட கம்பி முழுவதற்கும் சராசரி. மினிமம் பேலன்ஸ் சமாசாரம் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மாதச் சராசரி சரியாக இருக்கும், நடுவில் நாலு நாள் கணக்கு காலி. பஞ்சு ஒரு மூலையில் காய்ந்து அங்கே மட்டும் கொதித்தாலும் சராசரி அதை முழுங்கிவிடும்.

268 என்றால் என்ன குடி முழுகிவிடும் என்கிறீர்களா? வாணலியில் எண்ணெய் புகைந்தால் கண்ணும் தொண்டையும் எரிகிறதே, அந்தப் புகையில் இருக்கும் அக்ரோலின், இந்தத் திரவத்தில் இருக்கும் கிளிசரினில் இருந்தும் வரும். சோதனைகளில் அது தலைகாட்டியது சுமார் 270 டிகிரியில். ஃபார்மால்டிஹைடு அதற்கும் முன்பே, 215 பக்கத்திலேயே. ஆக, ஜூனியரின் 220 அச்சுப் பிசகாமல் 220ஆகவே இருந்தாலும் தப்பிக்க முடியாது. நிகோடினோ எந்த டிகிரியிலும் வந்துகொண்டேதான் இருக்கும்.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்தக் கண்ட்ரோலால் பிரயோஜனமே இல்லை என்று சொல்ல மாட்டேன். பஞ்சு முழுதாகக் காய்ந்தால் சூடு குபுக்கென்று ஏறும், அதைக் கண்டுபிடித்துக் கரண்டைக் குறைக்கத்தான் அது. அந்த வேலைக்கு இருபது டிகிரி முன்னே பின்னே இருந்தால் ஒன்றும் குறைந்து போகாது. அப்புறம் எதற்கு ஒவ்வொரு டிகிரியாகக் கூட்டிக் குறைக்கும் பட்டன்? 219க்கும் 220க்கும் வித்தியாசம் தெரியாத கருவியில் அந்தப் பட்டன் விற்பனைக்கு வைத்தது. "எல்லாம் என் கண்ட்ரோலில்" என்று இருபது வயசுப் பையனை நம்ப வைக்க வைத்தது. என் கோபமெல்லாம் அந்தப் பட்டன் மேல்தான்.

மளிகைக்கடைத் தராசுக்குக் கூட எடையளவுத் துறை முத்திரை உண்டு. இதற்கு யார் முத்திரை குத்துவது? 2019இல் இந்தியாவில் இவற்றைத் தயாரிக்க, இறக்குமதி செய்ய, விற்கத் தடை போட்டாயிற்று. முதல் தடவை பிடிபட்டாலே ஒரு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆகவே ஹாஸ்டலுக்கு வருவதெல்லாம் திருட்டுச் சரக்கு. பில் கிடையாது, கேட்பதற்கு ஆள் கிடையாது. (பெட்டிக்கடையில் சிகரெட் மட்டும் ஜாம் ஜாமென்று விற்கிறது, அது தனிப் புலம்பல்.)

காகிதத்தில் எழுதி ஜூனியரிடம் நீட்டினேன். கால்குலேட்டரை எடுத்து இரண்டு தடவை போட்டுப் பார்த்தான். "268 சரிதாம்பா" என்றான். வேறெதுவும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது அதை அவனே என் மேஜையில் வைத்துவிட்டுப் போனான். ஹாஸ்டலில் இன்னொன்று இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அவன் அம்மா கேட்டார். "தீபாவளிக்கு வரும்போது சொல்றேம்மா" என்றானாம்.

டிக்கெட் போட்டாயிற்று, வெயிட்டிங் லிஸ்ட் 14.