மாரடைப்பு என்று எழுதிக்கொள்ளுங்கள்

எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அண்ணன் போன மே மாதம் இறந்துபோனார். அறுபதுகூட ஆகவில்லை. தலைக்கு மேலே தார்ப்பாய், கையில் கரிப்பெட்டி, ராத்திரி போய்ப் படுக்க ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். மத்தியானம் "ஒரு மாதிரியா வருது" என்று வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போனவர் சாயங்காலம் எழுந்திருக்கவில்லை. டாக்டர் ஒருவர் வந்து பார்த்து மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார். மறுநாள் காலை எல்லாம் முடிந்துவிட்டது.

வெயிலில் செத்தால் அரசாங்கம் 4 லட்சம் தருகிறது என்று யாரோ அவர் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். மனு எழுத ஆள் வேண்டுமென்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அலுவலகத்தில் கேட்ட முதல் கேள்வி: "போஸ்ட்மார்ட்டம் பண்ணீங்களாம்மா?"

"வீட்ல படுத்தபடி செத்த மனுஷன எதுக்கு சார் அறுக்கணும்?"

"அப்போ வெயில்னு எப்படிம்மா சொல்றது? சர்டிபிகேட்ல ஹார்ட் அட்டாக்னுல்ல இருக்கு."

அந்த மனிதர் கெட்டவர் இல்லை. கையிலிருந்த காகிதத்தை வாசித்தார், அவ்வளவுதான். என் சண்டை அந்தக் காகிதத்தோடு.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஒன்றிய அரசின் பேரிடர்ப் பட்டியலில் அப்போது பன்னிரண்டு இனங்கள் இருந்தன. குளிர் அலை உண்டு, பனிச்சரிவு உண்டு, பூச்சித் தாக்குதல்கூட உண்டு. வெப்ப அலை இல்லை. வருஷத்தில் பாதி நாள் வியர்க்கிற ஒரு தேசம் போட்ட பட்டியல் இது! அதனால்தான் மாநிலப் பேரிடர் நிதியில் 10 சதவீதம் வரை உள்ளூர்ப் பேரிடர்களுக்குச் செலவழிக்கலாம் என்ற விதியைப் பிடித்துக்கொண்டு தமிழ்நாடு தானாகவே அறிவிக்க வேண்டியிருந்தது.

ஆனால் பேரிடர் என்று பெயர் வைத்தால் போதுமா? புயல் வந்தால் எத்தனை பேர் செத்தார்கள் என்று அன்று மாலையே எண்ணிக்கை வருகிறது. வெயில் எத்தனை பேரைக் கொன்றது என்று கேட்டால், யாருடைய சான்றிதழில் வெயில் என்று எழுதியிருக்கிறதோ அவர்களை மட்டும் எண்ணிச் சொல்வார்கள். அப்படி எழுதுவது எப்போதாவதுதான் நடக்கிறது.

ஏன் என்று பார்க்கலாம். வெயில் பெரும்பாலும் நேராகக் கொல்வதில்லை. உடம்பைக் குளிரவைக்க ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுகிறது; இதயம் கூடுதலாக அடித்தாக வேண்டும். வியர்த்து நீர் குறையும்போது ரத்தம் கெட்டிப்படுகிறது, சிறுநீரகம் திணறுகிறது. பிரஷருக்காகக் கொடுக்கும் மாத்திரைகளில் சில, உடம்பிலிருக்கும் நீரை வெளியேற்றும் வகை. ஏற்கெனவே பழுதான இதயம் இந்தச் சுமையில் நின்றுபோகிறது. ஆகவே மாரடைப்பு என்று எழுதியது பொய் இல்லை, பாதி உண்மை. வெள்ளத்தில் போனவருக்கு "மூச்சுத்திணறல்" என்று மட்டும் எழுதினால் நாம் ஒப்புக்கொள்வோமா? தண்ணீர் எங்கே என்று கேட்க மாட்டோமா? இத்தனைக்கும் மரணக் காரணச் சான்றிதழ்ப் படிவத்தில் உடனடிக் காரணத்துக்குக் கீழேயே, அதற்கு இட்டுச் சென்றது எது என்று எழுதத் தனி வரிகள் இருக்கின்றன. நான் பார்த்த சான்றிதழில் அவை வெறுமையாக இருந்தன.

போஸ்ட்மார்ட்டம் செய்திருந்தாலும் பெரிதாகப் பயன் இருந்திருக்காது. வெப்பத்தால் இறந்த உடலில் இதுதான் வெப்பம் என்று கையை வைத்துக் காட்டும் அடையாளம் எதுவும் கிடையாது. கண்டுபிடித்தவுடன் உடல் சூடு எவ்வளவு, அறை எப்படியிருந்தது, அன்று என்ன வேலை செய்தார் என்பவைதான் சாட்சி. அவற்றைக் குறித்துவைக்க அந்த வீட்டுக்கு யாரும் வரவில்லை.

இதில் நிவாரணத் தொகை இன்னொரு சிக்கலைக் கொண்டுவந்துவிட்டது என்பது என் சந்தேகம். 4 லட்சம் என்று ஆனதும் "வெயில்" என்ற சொல் மருத்துவக் குறிப்பாக இல்லாமல் பணம் கேட்கும் பத்திரமாக மாறிவிட்டது. நாளைக்கு ஆடிட்டுக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்று நினைக்கிற டாக்டரின் பேனா அந்தச் சொல்லருகே தயங்கத்தான் செய்யும். இழப்பீடும் கணக்கெடுப்பும் வேறு வேறு காரியங்கள். இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டதுதான் தப்பு.

இன்னார் வெயிலால் செத்தார் என்று ஒவ்வொருவராக நிரூபிக்காமலேயே எண்ண முடியும். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரியைத் தொட்டது. பிறகு ஆய்வாளர்கள் அந்த மாதத்தின் மொத்த மரணங்களை முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்டார்கள். 1,344 பேர் அதிகம். சான்றிதழ்களில் என்ன எழுதியிருந்தாலும் சரி, அத்தனை பேர் கூடுதலாகச் செத்திருக்கிறார்கள். 2013இல் அந்த நகரம் இந்தியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தைக் கொண்டுவந்தது அந்த அடியை வாங்கிய பிறகுதான்.

சிகாகோவில் 1995 ஜூலையில் இதே தகராறு நடந்தது. பிணக்கூறு அதிகாரி வெப்ப மரணம் என்று எண்ணிக்கொண்டே போக, மேயர் எல்லாவற்றையும் வெயில் தலையில் கட்ட முடியாது என்று மறுத்தார். கடைசியில் கூடுதல் மரணங்களைக் கணக்கிட்டபோது 739 வந்தது. அதிகாரியின் எண்ணிக்கையைவிட அது அதிகம். மிகைப்படுத்துகிறார் என்று பழி சுமந்தவர் குறைத்துத்தான் சொல்லியிருந்தார்.

"நம்ம ஊருக்கு வெயில் என்ன புதுசா?" என்று கேட்பவர்களுக்கு: 2024 அக்டோபர் 6, மெரினா. விமான சாகசம் பார்க்க வந்த கூட்டத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். அக்னி நட்சத்திரம் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. வானிலைத் துறையின் கணக்கில் கடலோரத்தில் 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடவும் இருந்தால்தான் வெப்ப அலை. வியர்வை காயாத கடற்கரைப் புழுக்கத்தில் நெருக்கியடித்து நின்றவர்களுக்கு அந்த எண்ணால் என்ன பிரயோஜனம்? எந்தச் சூட்டில், எந்தப் புழுக்கத்தில் நம் ஊரில் சாவு கூடுகிறது என்பதை நம் ஊர்ச் சாவுக் கணக்குதான் சொல்ல முடியும். அது தெரியாமல் எச்சரிக்கை விடுவதும் நீர்மோர்ப் பந்தல் போடுவதும் குத்துமதிப்பு வேலை. (நீர்மோர்ப் பந்தலைக் கேலி செய்யவில்லை, நானும் வாங்கிக் குடிப்பவன்தான். பேனரில் தலைவர் படம் மோர்ப்பானையைவிடப் பெரிதாக இருப்பதைத்தான் தாங்க முடிவதில்லை.)

செலவாகுமே என்பார்கள். மரணத்தை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது 1969ஆம் வருஷத்துச் சட்டம். பதிவு நடந்துகொண்டுதான் இருக்கிறது. வார்டு வாரியாக, வாரா வாரம் எத்தனை பேர் இறந்தார்கள் என்பது ஏதோ ஒரு கணினியில் ஏற்கெனவே இருக்கிறது. விட்டுப்போன சாவுகளைத் தேடிச் சேர்க்கவும் நமக்குத் தெரியும்: 2020 ஜூலையில் கணக்கில் வராத 444 கொரோனா மரணங்களை இதே அரசு இயந்திரம்தான் தேடியெடுத்துச் சேர்த்தது. அன்று வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

மார்ச் முதல் ஜூன் வரை, வாரம் ஒருமுறை, ஒவ்வொரு மாவட்டத்திலும் மொத்தம் எத்தனை பேர் இறந்தார்கள், முந்தைய ஐந்து வருஷங்களில் அதே வாரத்தில் எத்தனை பேர் என்று இரண்டு எண்களை வெளியிடட்டும். காரணம்கூட எழுத வேண்டாம், பெயரும் வேண்டாம். அந்த இரண்டு எண்களை வெளியிட முடியாததற்கு என்ன தடை என்று சுகாதாரத் துறையோ வருவாய்த் துறையோ யாராவது ஒருவர் சொல்லட்டும். இஸ்திரி அண்ணனின் மனைவிக்காக நான் எழுதிய இரண்டாவது மனுவில் இதையும் கேட்டிருக்கிறேன்.