பத்தூர் வழக்கும் ஒரு பாடத்திட்டமும்

கீழடி அகழாய்வுக்குப் பிறகு, தொல்லியல் படிக்க வேண்டும் என்ற ஆசை நம் மாணவர்களிடம் துளிர்த்திருக்கிறது. நல்லது. ஆனால் அந்த ஆசையோடு முதுகலைப் படிப்புக்கு வருபவர் சேர்க்கை விண்ணப்பத்திலேயே ஒரு பாகப்பிரிவினையைச் சந்திக்கிறார். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் சிற்பத்துறை கலைப்புலத்தில் இருக்கிறது. கல்வெட்டியலும் தொல்லியலும் சுவடிப்புலத்தில் இருக்கின்றன. பரோடாவிலும் கலை வரலாறு நுண்கலைப் புலத்தைச் சேர்ந்தது, தொல்லியல் வேறு புலத்தைச் சேர்ந்தது. சிலையைப் படிப்பவர் ஒருவர், அது கிடைத்த மண்ணைப் படிப்பவர் இன்னொருவர் என்ற இந்த ஏற்பாடு ஆய்வுப் பொருள் கேட்டுப் பெற்றதன்று. முதுகலை நிலையிலாவது இவ்விரண்டையும் ஒரே படிப்பாக்க வேண்டும் என்பதே நம் வாதம்.

பத்தூர் நடராஜர் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1976இல் அன்றைய தஞ்சை மாவட்டத்துப் பத்தூரில், பாழடைந்த சிவன் கோயிலை ஒட்டி மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவரின் கையில் சிக்கிய செப்புத்திருமேனி அது. பல கை மாறி லண்டன் போய், 1982இல் ஒரு கனடா நாட்டு நிறுவனத்தின் உடைமையானது. இந்தியத் தரப்பு அதைத் திருப்பிக் கேட்டபோது லண்டன் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி எளிமையானது: இது பத்தூர் நடராஜர்தானா? பத்தூரில் கிடைத்த மற்றத் திருமேனிகளோடு பாணியை ஒப்பிட்டுத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் சொன்னார். ஆனால் பாணி குறித்து நிபுணர்கள் இருவர் இரண்டு விதமாகச் சொல்ல இடமுண்டு. ஆகவே சிலையில் ஒட்டியிருந்த மண், கறையான் தடம், உலோகக் கலவை ஆகியவையும் ஆராயப்பட்டன. 1988இல் தீர்ப்பு இந்தியத் தரப்புக்குச் சாதகமாக வந்தது. 1991இல் மேல்முறையீட்டிலும் நிலைத்தது. கண்ணின் தேர்ச்சியும் மண்ணின் சான்றும் ஒன்றையொன்று தாங்கியதால் வென்ற வழக்கு இது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் பயிற்சியை நம் பாடத்திட்டம் இன்றும் மாணவருக்குத் தருவதில்லை.

இந்த இணைப்பு புதிதுமல்ல. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த ழுவோ துப்ராய் 1914இல் வெளியிட்ட தென்னிந்தியத் தொல்லியல் நூலின் இரண்டு தொகுதிகளில் ஒன்று கட்டடக்கலை பற்றியது, மற்றது படிமக்கலை பற்றியது. தூண் தலையில் அமரும் போதிகையும் கூரை விளிம்பிலுள்ள கூடும் பல்லவர் காலத்திலிருந்து எப்படி உருமாறி வந்தன என்பதைக் கொண்டே அவர் கோயில்களைக் கால வரிசையில் நிறுத்தினார். அகழாய்வாளர் மண்ணடுக்கில் செய்வதை அவர் கல்லில் செய்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் இதற்கு இன்னொரு சான்று. ராஜராஜனும் குந்தவையும் மற்றவர்களும் எழுந்தருளுவித்த திருமேனிகளின் உயரம் முழத்திலும் விரலிலும் அங்கே பதிவாகியிருக்கிறது. கைகள் எத்தனை, பீடம் எப்படி, ஆடவல்லான் என்னும் கல்லால் நிறுத்த நகைகளின் எடை எவ்வளவு என்பதும் உண்டு. அத்திருமேனிகளில் மிகப் பல இன்று இல்லை. சோழர் செப்புத்திருமேனிகளை ஆராய்பவர் கல்வெட்டு படிக்கத் தெரியாதவராக இருந்தால், இவ்வளவு பெரிய பட்டியல் அவருக்குப் பயன்படாமலே போகும்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, காலக்கணிப்பும் மரபணு ஆய்வும் வளர்ந்துவிட்ட நாளில் இரண்டையும் தொடுபவர் எதிலும் ஆழமாகப் போக முடியாது என்பது. இதில் நியாயம் உண்டு. ஆனால் ஆழத்துக்குரிய இடம் முனைவர் பட்டம். கரிமப் பகுப்பாய்வைத் தானே செய்ய வேண்டியதில்லை. அந்த முடிவை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று எடைபோடத் தெரிந்தால் போதும். இரண்டாவது, கலை வரலாறு ரசனை சார்ந்தது, சந்தைக்குத் துணைபோவது என்பது. இடத்திலிருந்து பிரித்த கலை வரலாற்றுக்கே இந்தக் குற்றச்சாட்டு பொருந்தும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசிய கலைக்கூடம் 2008இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. சிலையின் அழகைப் பற்றி அங்கே யாருக்கும் ஐயமில்லை. காட்டப்பட்ட முந்தைய உரிமை ஆவணம்தான் போலி. சிலை கோயிலில் இருந்தபோது எடுக்கப்பட்டு, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த புகைப்படம் உண்மையைக் காட்டியது. 2014இல் சிலை நாடு திரும்பியது. மூன்றாவது மறுப்பு வேலை. தொல்லியல் துறையிலும் அருங்காட்சியகங்களிலும் பணியிடங்கள் சொற்பம்தான். ஆனால் தேவை அங்கே முடிந்துவிடவில்லை. திருப்பணி என்ற பெயரில் மணல் வீச்சால் கல்வெட்டு தேய்வதும், எழுத்துள்ள கல் இடம் மாறித் தளத்தில் பதிக்கப்படுவதும் நாம் அறிந்தவை. ஸ்தபதிக்கும் பொறியாளருக்கும் பக்கத்தில் நின்று, எதைத் தொடக்கூடாது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்தப் பணியிடத்தை உருவாக்கச் சொல்லி அறநிலையத் துறையைக் கேட்பதுதான் சரி. பணியிடம் இல்லாததால் படிப்பே வேண்டாம் என்பது சரியன்று.

ஆக, கேட்பது புதுக் கட்டடமல்ல. முதலாண்டில் வட்டெழுத்தும் கிரந்தமும் படிமக்கலையும் மண்ணடுக்கியலும் எல்லோருக்கும் பொதுப்பாடமாகட்டும். இரண்டாம் ஆண்டில் ஒரு பருவம் அகழாய்வுக் குழியிலும் இன்னொரு பருவம் அருங்காட்சியகச் சேமிப்பறையிலும் கழியட்டும். ஆய்வேட்டுக்கு இரு துறைகளிலிருந்தும் ஒவ்வொரு வழிகாட்டி இருக்கட்டும். இதற்குத் தேவையான ஆசிரியர்கள் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் ஒரே வளாகத்தில்தான் இருக்கிறார்கள். இரு புலங்களின் பாடத்திட்டக் குழுக்களும் ஒருமுறை சேர்ந்து உட்கார்ந்தால் அடுத்த கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.