கூழ் குதிரைக்கா, நம்ம மனசுக்கா?

டிசம்பர் குளிரில் ஊட்டி போய் வந்தவர்களில் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார்: "பாவங்க, அந்த ஏரிக்கரைக் குதிரைங்க. ராத்திரி ஒரு வாளி சூடா தவிட்டுக் கூழ் கரைச்சுக் கொடுத்தா என்னவாம்?" நல்ல மனசுதான். கணக்குதான் தப்பு. பி.காம் படிக்கிறவனுக்கு கணக்கு உதைத்தால் தூக்கம் வராது, அதனால்தான் இந்தப் புலம்பல் :-)

முதலில் சூட்டை எடுத்துக்கொள்வோம். குதிரையின் உடம்பே கிட்டத்தட்ட 38 டிகிரி. 45 டிகிரியில் 3 லிட்டர் கூழ் உள்ளே போனால் அந்தச் சூட்டால் கிடைப்பது 3 x 7 = 21 கிலோ கலோரி. (தவிட்டில் இருக்கும் சத்து தனிக் கணக்கு.) ஒரு கிலோ நல்ல காய்ந்த புல்லில் சுமார் 1,800 கிலோ கலோரி இருக்கிறது. அதைவிட முக்கியம், புல் செரிக்கிற விதம். குதிரையின் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் நாரை மெதுவாக நொதிக்க வைக்கின்றன. அதில் கிளம்புகிற சூடுதான் ராத்திரி முழுக்க அணையாத அடுப்பு. அதற்கு விறகு போடாமல் வெந்நீர் ஊற்றினால் எப்படி?

இந்தக் கூழ்ப் பழக்கம் வெள்ளைக்காரன் லாயத்துச் சமாச்சாரம். 1877-ல் வந்த 'பிளாக் பியூட்டி' நாவலிலேயே புயலில் களைத்து வந்த குதிரைக்குத் தவிட்டுக் கூழ் உண்டு. ஞாயிறு குதிரைக்கு ஓய்வு என்பதால் சனிக்கிழமை ராத்திரி தானியத்துக்குப் பதில் கூழ் கொடுப்பார்கள். வேலை இல்லாத நாளில் தானியம் குறைந்தது குதிரைக்கு நல்லதுதான். பேர் வாங்கியது என்னவோ கூழ்!

"வாரத்துக்கு ஒரு தடவைதானே?" என்பீர்கள். அதுதான் வம்பே. குடலில் உள்ள நுண்ணுயிரிகள் புதுத் தீவனத்துக்குப் பழக நாட்கள் ஆகும். திடீரென்று ஒரு வாளி தவிடு போனால் குடல் குழம்பும். மறுநாள் சாணம் இளகுவதைப் பார்த்து "வயிறு சுத்தமாச்சு" என்று சந்தோஷப்படுவோம். சரி, தினமும் கொடுக்கலாமா? கோதுமைத் தவிட்டில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். குதிரைக்கோ கால்சியம்தான் கூடுதலாக இருக்க வேண்டும். சரிக்கட்டாமல் மாதக்கணக்கில் தவிடே போட்டால் உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும், முகத்து எலும்பு வீங்கும். மாவு மில்லில் வேலை செய்து தவிட்டிலேயே வளர்ந்த குதிரைகளுக்கு முன்பு வந்த நோய் இது.

300 கிலோ எடையுள்ள மட்டக்குதிரைக்கு ஒரு நாளைக்கு 5, 6 கிலோ காய்ந்த புல்லாவது வேண்டும், உறைபனி விழும் ராத்திரியில் இன்னும் கூடுதலாக. சவாரி முடிந்ததும் ரோட்டில் விடப்பட்டு, குப்பைத்தொட்டியை மேய்கிற ஊட்டிக் குதிரைக்கு இது எங்கே கிடைக்கிறது? கூழுக்கு வசூல் பண்ணுகிற புண்ணியவான்கள் அந்தக் காசில் புல்லுக்கட்டு வாங்கிப் போடலாமே! புல்லில் ஆவி பறக்காது, போட்டோவும் அழகாக வராது, என்ன செய்ய.

வெதுவெதுப்பான தண்ணீர் வைக்கிறீர்களா, தாராளமாக வையுங்கள். தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தால் குதிரை குறைவாகத்தான் குடிக்கும், காய்ந்த தீவனம் குடலில் அடைத்துக்கொள்ளும், உயிரே போகலாம். கூழில் உருப்படியான விஷயம் அதிலிருக்கும் தண்ணீர்தான். பல் தேய்ந்து புல்லை மெல்ல முடியாத கிழக்குதிரை மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஊறவைத்த தீவனம் வருஷம் முழுக்க, தினமும் வேண்டும். ஆறிப்போயிருந்தாலும் பரவாயில்லை.