வீதி மாநகராட்சிக்கு, விசில் யாருக்கு?

தென்னமெரிக்கக் கண்டத்திலே கொலம்பியா என்றொரு நாடு. அதன் தலைநகர் பொகோட்டா. 1995-ம் ஆண்டிலே அந்நகரத்து நாற்சந்திகளில் ஒரு விந்தைக் காட்சி! முகத்திலே வெள்ளைப் பூச்சு, கண்ணைச் சுற்றிக் கருமை, உதட்டிலோ ஒரு சொல்லும் இல்லை. அத்தகைய மௌன நடிகர் இருபது பேர் தெருவிலே இறங்கினர். நடப்போர் கடக்கும் கோட்டின்மீது காரை நிறுத்தினான் ஒருவன். அருகே சென்று, அந்தக் காரைப் பின்னுக்குத் தள்ளுவதுபோல் பாவனை காட்டினர். சிவப்பு விளக்கைச் சட்டை செய்யாமல் குறுக்கே ஓடினான் இன்னொருவன். அவன் பின்னாலேயே, அவனைப் போலவே ஓடிக் காட்டினர். அபராதச் சீட்டு இல்லை, அதட்டல் இல்லை, லத்தி இல்லை. ஊர் சிரித்தது, தவறு செய்தவன் தலை கவிழ்ந்தான். இருபது நடிகர்கள் பின்னர் 420 பேராகப் பெருகினர்.

அனுப்பியவர் அந்நகரத்து மேயர் அந்தானஸ் மோக்குஸ். கணிதமும் தத்துவமும் கற்றவர், பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். அவர் மேயர் நாற்காலியிலே அமர்ந்தபோது நகருக்கெனப் போக்குவரத்துப் போலீஸ் படை ஒன்று இருந்தது; ஏறத்தாழ 2,000 பேர். லஞ்சத்திலே பேர் போன படை! ‘ஆள் போதாது, இன்னும் ஆயிரம் பேர் வேண்டும்’ என்று கேட்பது நகர நிர்வாகங்களின் வாடிக்கை. அவரோ, இருந்த படையையே கலைத்தார்! நடந்து சென்றவர்கள் வண்டியிலே அடிபட்டு மாண்ட 1,500 இடங்களிலே, தரையில் நட்சத்திரம் தீட்டச் செய்தார். காலை வைக்குமுன் கண் பார்க்கட்டும், கண் பார்த்தால் கருத்து விழிக்கட்டும் என்று.

ஆண்டொன்றுக்குச் சுமார் 1,300 பேரைச் சாலையிலே பலி கொடுத்துக்கொண்டிருந்த அந்த நகரம், பத்தாண்டுக்குள் அந்த எண்ணிக்கையைச் சுமார் 600 ஆகக் குறைத்தது.

நாடக மேடையிலே நின்று பழகியவன் நான். கேட்டதும் நெஞ்சு நிமிர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் அரிதாரம் பூசியவர்கள் மட்டுமே அத்தனை உயிரையும் காத்தனர் என்று எழுதினால், அது என் தொழிலுக்கு நான் தேடும் விளம்பரமாகுமேயன்றி உண்மையாகாது. மோக்குஸுக்குப் பிறகு, 1998 முதல் 2000 வரை மேயராக இருந்தார் என்ரிக்கே பெனலோசா. நடைபாதைகளைக் கார்கள் ஆக்கிரமித்திருந்தன. அவற்றை விரட்டக் குத்துக்கம்பங்கள் நட்டார், நடைபாதைகளை அகலமாக்கினார், 2000-ம் ஆண்டு டிசம்பரிலே தனிப்பாதையில் ஓடும் பேருந்துகளைத் தொடங்கி வைத்தார். கார்க்காரர் சீறினர், பதவியிலிருந்தே அவரை இறக்கிவிடவும் முயன்றனர். நடிகன் மனிதனைத் திருத்தினான். கம்பமும் கல்லும் வீதியைத் திருத்தின. இரண்டும் சேர்ந்தபோதுதான் சாவு குறைந்தது.

தோழர்களே! கடல் கடந்து உங்களை அங்கே அழைத்துச் சென்றது வேடிக்கை காட்ட அல்ல. அந்த மேயரால் அது எப்படி முடிந்தது என்ற ஒரு கேள்விக்காகத்தான். கலைத்த படைக்குப் பதிலாக அவர் இன்னொரு நகரப் படையைத் திரட்டவில்லை. போக்குவரத்துக் காவலை நாட்டின் தேசியப் போலீசிடமே ஒப்படைத்தார். அப்படியானால் அதிகாரம் கைவிட்டுப் போயிற்றா? போகவில்லை! கொலம்பியாவின் 1991-ம் ஆண்டு அரசியல் சட்டத்தின் 315-வது பிரிவு, நகரின் முதற் காவல் அதிகாரி மேயரே என்கிறது. அவர் அந்நகரத்துப் போலீஸ் தளபதியின் வழியாக இடும் கட்டளையைத் தேசியப் போலீஸ் தாமதமின்றி நிறைவேற்ற வேண்டும் என்கிறது. சம்பளம் தருவது மத்திய சர்க்கார், சீருடை தேசத்தினுடையது. ஆயினும் ஊர் வீதியிலே எது முக்கியம் என்று சொல்லும் வாய், ஊர் தேர்ந்தெடுத்த வாய்!

இனிச் சென்னைக்கு வருவோம்.

1688-ம் ஆண்டு செப்டம்பர் 29-ம் நாள் பிறந்தது சென்னை மாநகராட்சி. கும்பெனியார் காலத்திலே தோன்றி, மூன்று நூற்றாண்டுகளைக் கடந்து நிற்கும் மூதாட்டி. அந்த மூதாட்டிக்குத் தன் வீட்டு வாசலிலே இருக்கும் உரிமை எவ்வளவு? தெருவைப் போடுவது மாநகராட்சி. அண்ணா சாலை போன்ற பெருஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை. போட்ட தெருவைக் குழாய்க்காகத் தோண்டுவது குடிநீர் வாரியம். கம்பிக்காகத் தோண்டுவது மின்வாரியம். தெருவிளக்கு மாநகராட்சியினுடையது, அதே சந்தியிலே பச்சையும் சிவப்பும் காட்டும் விளக்கு காவல்துறையினுடையது. நடைபாதை கட்டுவது ஒருவர், நடைபாதைமீது ஏறி நிற்கும் வண்டிக்கு அபராதம் போடுவது வேறொருவர். ரிப்பன் மாளிகைக்கும் வேப்பேரியில் இருக்கும் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்கும் தொலைவு அதிகமில்லை. நடந்தே போய்விடலாம், நடைபாதை இருந்தால்! ஆனால் கோப்பு போகும் வழி கோட்டையைச் சுற்றிக்கொண்டு போகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. 2023-ம் ஆண்டு நவம்பரிலே சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை புதிய வேக வரம்புகளை அறிவித்தது. குடியிருப்புத் தெருக்களில் எந்த வண்டியானாலும் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகலாகாது. நல்ல ஆணை, நானும் வரவேற்கிறேன். 30-லே வரும் வண்டி மோதினால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகின்றனர். வேகம் 50-ஐத் தாண்டினால் எமனுக்கு வேலை எளிது. ஆனால் ஆயிரக்கணக்கான உட்தெருக்களிலே தெருவுக்கொரு காவலரை நிறுத்தி அளந்துகொண்டிருக்க முடியுமா? ஆகாத காரியம். தெருவின் அகலத்தைச் சுருக்கி, முனையைக் குறுக்கி, கடக்குமிடத்தை மேடாக்கினால், காவலர் இல்லாமலேயே வண்டி தானாக 30-க்கு இறங்கும். அந்தக் கல்லையும் மண்ணையும் போட வேண்டியது மாநகராட்சி. அறிவித்தவர் ஒருவர், அமைக்க வேண்டியவர் வேறொருவர்; அறிவிப்போ பலகையிலே!

சாவின் கணக்கைச் சொல்ல வேண்டாமா? 2023-ம் ஆண்டில் இந்தியாவிலே சாலை விபத்தில் மாண்டவர் 1,72,890 பேர். தமிழ்நாட்டிலே மட்டும் 67,213 விபத்துகள், மாநிலங்களிலேயே அதிகம். மாண்டவர் 18,347 பேர். நாளொன்றுக்கு ஐம்பது வீட்டில் ஒப்பாரி! பாடையை எண்ணிப் பழகிவிட்ட நாட்டிலே எண்ணிக்கை யாரையும் உலுக்குவதில்லை. ஆகவே வேறுவிதமாகக் கேட்கிறேன்: உங்கள் வட்டத்திலே சென்ற ஆண்டு தெருவில் மாண்டவர் எத்தனை பேர், எந்த முனையில், எந்த நேரத்தில் என்று உங்கள் மாமன்ற உறுப்பினரைக் கேளுங்கள். கொசு மருந்து எத்தனை முறை அடித்தனர் என்று சொல்வார். இதைச் சொல்ல அவரிடம் ஏடு இல்லை; ஏடு காவல் நிலையத்திலே இருக்கிறது.

‘ஆள் இல்லை’ என்பது காவல்துறையினர் கூறும் விடை. அதிலே பொய்யில்லை. 2020-ம் ஆண்டுத் தொடக்கத்தில் இந்திய நாடு முழுவதற்கும், ஒரு லட்சம் மக்களுக்குச் சுமார் 195 போலீசார் என்று பணியிடம் ஒதுக்கியிருந்தனர். உண்மையிலே பணியில் இருந்தவர் சுமார் 155 பேர். கல்லூரிப் படிப்பை நடுவிலே விட்டவன் நான். எனக்கே தெரிகிறது, ஐந்து நாற்காலியிலே ஒன்று காலி! அந்தக் காலி நாற்காலியின் பளு யார் தலையிலே விழுகிறது? சித்திரை வெயிலிலே, சந்தியின் நடுவிலே, புகையைக் குடித்தபடி நிற்கும் அந்தக் காவலர் தலையிலே. கோடை வந்தால் அவருக்கு நீர்மோர் வழங்கிப் படம் பிடித்துக்கொள்கின்றனர். மோர் வேண்டும், வேண்டாமென்று கூறவில்லை. ஆனால் மோர் ஆளாகாது! வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற ஆணையே தமிழ்நாட்டுக் காவலருக்கு 2021-ம் ஆண்டு நவம்பரிலேதான் வந்தது.

இருக்கின்ற ஆளையாவது சந்தியிலே விட்டுவைக்கிறார்களா? மந்திரி வருகிறார், போ அங்கே. தேர்த் திருவிழா, போ இங்கே. மாநாடு, ஊர்வலம், பொதுக்கூட்டம், எல்லாவற்றுக்கும் போ! முதலமைச்சர் செல்லும் வழியிலே பெண் காவலர்களை நிறுத்த வேண்டாம் என்று 2021-ம் ஆண்டு ஜூனிலே அறிவுறுத்தல் பிறந்தது. புதிதாக ஓர் ஆளையும் எடுக்காமல், ஒரு தாளிலே எழுதிய ஆணையினாலேயே வெயிலில் நின்றவர்கள் வீடு திரும்பினர். ஆகவே ஆள் பற்றாக்குறை என்பதிலே பாதி, ஆளை எங்கே நிறுத்துவது என்ற சங்கதிதான். பள்ளிக்கூட வாசலா, பந்தல் வாசலா? இதைத் தீர்மானிப்பதிலே, அந்தப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் மக்களின் வாக்கைப் பெற்றவருக்குப் பங்கு வேண்டாமா?

சட்டம் என்ன சொல்கிறது? காவல் என்பது அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலிலே இரண்டாவது இனம். நகராட்சிகளுக்கு வலிவூட்டவென்று 1992-ம் ஆண்டிலே 74-வது திருத்தம் வந்தது. 18 பணிகளைப் பட்டியலிட்டது. அதிலே சாலையும் பாலமும் உண்டு, தெருவிளக்கு உண்டு, பேருந்து நிறுத்தமும் வண்டி நிறுத்துமிடமும் உண்டு. போக்குவரத்தை நடத்தும் அதிகாரம் மட்டும் இல்லை. கொடுக்கக்கூடாது என்றும் அந்தத் திருத்தம் கூறவில்லை. பூட்டு டில்லியிலே இல்லை, தோழர்களே, கோட்டையிலேதான் இருக்கிறது.

இங்கேதான் நம் இயக்கத்தார் சற்று நின்று யோசிக்க வேண்டும். மாநிலங்களுக்கு அதிகாரம் வேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். தொலைவிலே இருப்பவனுக்குத் தெருவின் துயரம் தெரியாது, பக்கத்திலே இருப்பவனிடம் பொறுப்பைக் கொடு என்கிறோம். நல்ல வாதம், உயிருள்ள வாதம். அதே வாதத்தை ரிப்பன் மாளிகை எழுந்து நின்று கோட்டையைப் பார்த்துச் சொன்னால்? ‘டில்லியிடம் நீங்கள் கேட்பதைத்தான் உங்களிடம் நான் கேட்கிறேன்’ என்றால்? பதில் என்ன வைத்திருக்கிறோம்? கோட்டையிலே யார் அமர்ந்திருந்தாலும் இந்தக் கேள்விக்கு முகம் கொடுத்ததில்லை. 1973-லே கலைக்கப்பட்ட சென்னை மாமன்றத்துக்கு மீண்டும் தேர்தல் நடந்தது 1996-லே. 2016-ம் ஆண்டு இறுதியிலிருந்து 2022-ம் ஆண்டுத் தொடக்கம் வரை மறுபடியும் மன்றமில்லை. இருபத்து மூன்று ஆண்டுகள் மேயர் இல்லாமல் ஒரு மாநகரத்தை ஓட்டிவிட முடியும் என்று கண்டவர்களுக்கு, மேயருக்கு அதிகாரம் தர மனம் எப்படி வரும்?

‘ஐயையோ! போலீசை மாமன்ற உறுப்பினர் கையிலா கொடுப்பது? அவர் மைத்துனனின் லாரியை எந்தக் காவலர் நிறுத்துவார்?’ என்று கேட்கக்கூடும். கேட்பவர் நம்மவரை நன்கு அறிந்தவர், கோபித்துப் பயனில்லை. அதனாலேதான் பொகோட்டாவின் 315-வது பிரிவைக் காட்டினேன். படை மாநிலத்தினுடையதாகவே இருக்கட்டும். நியமனம், மாற்றல், தண்டனை எதையும் மாமன்றம் தொட வேண்டாம். வழக்கிலே தலையிடவும் வேண்டாம். ஆனால் எந்தத் தெருவிலே எவ்வளவு வேகம், எந்தச் சந்தியிலே விளக்கு, எந்தப் பள்ளி வாசலிலே காலையும் மாலையும் காவலர் என்பவற்றை மாமன்றம் கூடித் தீர்மானமாக நிறைவேற்றினால், காவல்துறை அதை நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியாது என்று எழுத்திலே சொல்ல வேண்டும். மாதந்தோறும் விபத்து நடந்த இடங்களின் வரைபடம் மாமன்றத்தின் மேசைக்கு வர வேண்டும். சென்னைப் போக்குவரத்துக் காவலிலே எத்தனை இடம் காலி என்ற கணக்கும் கூடவே வர வேண்டும். மைத்துனனின் லாரிக்கு இதிலே எங்கே இடமிருக்கிறது?

அதிகாரம் கேட்கும் மாமன்றம், கையிலே இருக்கின்ற அதிகாரத்தைச் செலவிட்டதா என்றும் கேட்பார்கள். கேட்கட்டும், கேட்க வேண்டும்! 2014-ம் ஆண்டிலே சென்னை மாநகராட்சி, நடப்போருக்கும் சைக்கிளில் செல்வோருக்குமென ஒரு கொள்கையை ஏற்றது. 2018-க்குள் நூற்றுக்கு எண்பது தெருக்களிலே நடைபாதை என்று அதிலே எழுதினர். 2019-ம் ஆண்டு நவம்பரிலே பாண்டி பஜாரிலே அகன்ற நடைபாதை திறந்தனர். குழந்தையும் கிழவியும் அங்கே கவலையின்றி நடக்கக் காணும்போது, முடியாத காரியமல்ல என்பது விளங்குகிறது. ஆனால் பாண்டி பஜார் ஒன்றுதானா சென்னை? வியாசர்பாடியிலே நடப்பவனுக்கும் இரண்டு கால்தான்!

நம் பக்கத்துக் குறையும் உண்டு. 2019-ம் ஆண்டிலே இதே சென்னையில், சாலையோரத்துப் பதாகை சரிந்து, இருசக்கர வண்டியிலே வந்த இளம்பெண் ஒருத்தி பின்னால் வந்த லாரியின் சக்கரத்திலே மாண்டாள். எந்தக் கட்சி என்று இங்கே நான் எழுதப் போவதில்லை. எந்தக் கட்சியாகவும் இருந்திருக்கலாம் என்பதுதான் வெட்கம். தலைவரை வரவேற்க நடைபாதையிலே குழி தோண்டிக் கம்பம் நடும் தோழர், மறுநாள் அதே நடைபாதைக்காக மாமன்றத்திலே வாதாட முடியாது.

மாமன்றத்திலே இடம் பெற்றிருக்கும் தோழர்கள் அடுத்த கூட்டத்துக்குச் செல்லுமுன் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வட்டத்துக் காவல் நிலையத்துக்குப் போய், சென்ற ஆண்டின் விபத்துக் கணக்கை எழுதிக் கேளுங்கள். பள்ளி விடும் நேரத்திலே ஒரு சந்தியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். எத்தனை பிள்ளைகள் கடக்கின்றனர், காவலர் இருக்கிறாரா, இல்லையேல் எங்கே அனுப்பப்பட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளோடு மன்றத்திலே எழுந்து, மேயர் அவர்களைப் பார்த்துக் கேளுங்கள். ‘இது என் அதிகாரத்தில் இல்லை’ என்று அவர் விடை கூறுவார். அந்த விடையை நடவடிக்கைக் குறிப்பிலே பதியச் செய்து, கோட்டைக்கு அனுப்புங்கள்.