சார்ந்தோர் இல்லாவிட்டால் பணம் யாருக்கு?



வேலையிடத்தில் உயிர்விட்ட தொழிலாளிக்குச் சார்ந்தோர் இல்லையென்றால் இழப்பீடு யாருக்குப் போகும்? 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 8-வது பிரிவில் பதில் வைத்தது: ஆணையர் விசாரித்து, ஒருவரும் இல்லை என்று கண்டால், கட்டிய பணத்தின் மீதி முதலாளிக்கே திரும்பும்!

யார் சார்ந்தோர் என்பதில்தான் சிக்கல். விதவைத் தாய் தானாகவே பட்டியலில் வருவார். தகப்பனோ, மகனின் சம்பளத்தை நம்பி வாழ்ந்ததாகக் காட்டவேண்டும். சொந்தப் பென்ஷனில் காலம் தள்ளும் அப்பா வெறுங்கையோடு திரும்ப நேரலாம். ஆள் இல்லாதபோது ஈமச்செலவு மட்டும், அதைச் செய்தவருக்குக் கிடைக்கும்.

நியூயார்க் சட்டப்படி, சார்ந்தோர் இல்லையேல் பெற்றோருக்கு 50,000 டாலர். கலிபோர்னியாவில் தொகை அரசின் கைக்குப் போகிறது. இறந்தவரின் எஸ்டேட்டுக்குத் தரலாம் என்ற திருத்தத்தை 2006-இல் நீதிமன்றம் செல்லாது என்றது. அதுவும் கறார்தான். ஆனாலும் விபத்து நடந்த நிறுவனத்தின் கல்லாவுக்குப் பணம் போகவில்லை.

இங்கே அந்தத் தொகையைத் தொழிலாளர் நல நிதியில் சேர்க்க அரசு வழிசெய்யலாமே.

– ஒரு வாசகர், திருப்பூர்